மூன்று நட்சத்திரம், அதில் ஒன்று ஒடியாப் பையனுக்கு

“மேடம், ஒரு ரிவியூ போட்டு விடுங்க, அஞ்சு ஸ்டார்” என்று அந்த ஏஜென்சியிலிருந்து வாரம் தவறாமல் வாட்ஸ்அப் வருகிறது. அவர்களிடம் ஆள் எடுக்க ஆரம்பித்து இந்தப் பொங்கலோடு ஒன்றரை வருஷம். கேட்டுக்கொண்டே இருக்கிறார்களே என்று எழுதுகிறேன். அஞ்சு கிடையாது, மூன்று. பெயர் போடவில்லை. வடக்கிலிருந்து ஆள் இறக்கித் தரும் மற்ற ஆபீஸ்களைப் பற்றிப் பக்கத்து யூனிட்காரர்கள் சொல்வதும் இதே கதைதான். ஒருத்தரை மட்டும் தெருவில் நிறுத்துவானேன்.

எங்களுடையது 46 மிஷின் போட்ட ஜாப் ஒர்க் யூனிட், திருப்பூர் 15 வேலம்பாளையம் பக்கம். எக்ஸ்போர்ட் கம்பெனிகள் கட்டிங் பீஸாக அனுப்பும். நாங்கள் தைத்து, செக்கிங் பார்த்து, அயர்ன் போட்டு, பேக் பண்ணித் திருப்பி அனுப்புவோம். பெரும்பாலும் குழந்தைகள் டி-ஷர்ட், நைட் டிரஸ். நான் 1999-ல் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இங்கே கைமடிக்க, அதாவது டைலர் பக்கத்தில் பீஸ் மடித்துக் கொடுக்கிற உதவி வேலைக்கு, வந்தவள். அப்போது ஷிப்டுக்கு என்ன வாங்கினேன் என்று சொன்னால் இன்றைக்கு என் லைனில் இருக்கிற பிள்ளைகள் சிரிக்கும். எங்களைத் ‘தெக்கத்திக்காரங்க’ என்பார்கள். காம்பவுண்டு வீட்டுக்காரம்மா குழாயைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்திருப்பார். இப்போது என் பேச்சில் பாதி ‘ங்க’ வந்துவிட்டது. ஊருக்குப் போனால் கோயம்புத்தூர்க்காரி என்கிறார்கள்.

2023 மார்ச் வரை எங்களுக்கு ஒரு காண்ட்ராக்டர் இருந்தார், பீகார்க்காரர். தமிழ்நாட்டில் வடமாநிலத்தவரை அடிக்கிறார்கள் என்று அந்த மாதம் பொய் வீடியோக்கள் சுற்றியது ஞாபகம் இருக்கும். வேறெங்கோ நடந்த சண்டையை எல்லாம் ஒட்டிப் போட்டிருந்தார்கள். போலீஸ் இந்தியில் பேசித் தைரியம் சொன்னது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு ஒன்று திருப்பூருக்கே வந்து விசாரித்துப் போனது. ஆனால் அது ஹோலிக்கு ஊருக்குக் கிளம்பும் சமயம். அம்மா போனில் அழுதால் எந்தப் பையன் நிற்பான்? 13 பேர், ஒரே ராத்திரியில் ரூம் காலி. காண்ட்ராக்டரும் கூடவே போனவர்தான். அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் கேட்டில் ‘டைலர், செக்கிங், கைமடி ஆட்கள் தேவை’ போர்டும், கரண்ட் கம்பத்தில் நோட்டீஸும்தான். நம் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் வந்தார்கள், அருமையாகத் தைத்தார்கள். ஆனால் ஐந்தரைக்கு வேன் ஏறியாக வேண்டும், வீட்டில் பிள்ளை காத்திருக்கும். அந்தப் பிள்ளைகள் நாளைக்கு இந்த வேலைக்கு வரப்போவதில்லை. என் மகளும் வரமாட்டாள், இன்ஜினியரிங் படிக்கிறாள்.

அப்படித்தான் 2024 ஜூலையில் அந்த ஆபீஸ் படியேறினேன். ஏசி ரூம், சுவரில் இந்தியா மேப், மாநிலத்துக்கு ஒரு கலரில் குண்டூசி. “எல்லாம் ஸ்கில்டு டைலர்ங்க மேடம், டிரெய்னிங் சென்டர்ல மூணு மாசம் முடிச்சு சர்டிபிகேட்டோட வருவாங்க. தலைக்கு 2,500 சர்வீஸ் சார்ஜ், ஷிப்டுக்கு 20 ரூபா கமிஷன். மூணு மாசத்துக்குள்ள வேலையை விட்டுட்டா மாத்து ஆள் ஃப்ரீ.” 18 பேர் கேட்டேன். பத்தாம் நாள் தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸில் 11 பேர் இறங்கினார்கள். ஆறு பெண்கள் ஒடிசாவின் பலாங்கீர் பக்கம், மூன்று பெண்களும் இரண்டு பையன்களும் ஜார்க்கண்ட். கூட்டிவர வேண்டிய ஏஜென்சி வண்டி வரவே இல்லை. நானும் வீட்டுக்காரரும் போய்ப் பார்த்தபோது பிளாட்பாரத்தில் பைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நாள் ரயில் அழுக்கு, தலையில் எண்ணெய் இல்லை, ஒருத்தி அழுது முடித்திருந்தாள். நல்ல ஆரம்பம்.

திங்கட்கிழமை டிரையல். 11 பேரில் நான்கு பேர்தான் பனியன் துணி தைக்கிற ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தார்கள். மற்றவர்களுக்கும் மிஷின் தெரியும். பழகியது சட்டைத் துணியில், அதுதான் வினை. நெய்த துணி இழுத்தால் நிற்கும், பனியன் துணி இழுத்தால் கூடவே வரும். மெல்லிசு பனியன் துணியைச் சட்டைத் துணி மாதிரி இழுத்துப் பிடித்துக் கொடுத்தால் சைடு தையல் முழுக்க அலை அலையாக நிற்கும். எங்கள் மூத்த டைலரம்மா ஒருத்தர், 20 வருஷம் பேட்லாக் மிஷின் ஓட்டியவர், பாஷை தெரியாமலே அந்தப் பெண்களின் மணிக்கட்டில் லேசாகத் தட்டித் தட்டியே மூன்று வாரத்தில் பழக்கிவிட்டார். அந்த மூன்று வாரச் சம்பளம், ஆல்ட்ரேஷன், டெலிவரி தள்ளிப்போனதற்கான திட்டு எல்லாம் என் கணக்கு. ஏஜென்சிக்காரர் “சர்டிபிகேட் இருக்குதுங்களே” என்றார்.

இதற்கு மருந்து கண்டுபிடித்தது அவர்களிடம் கோஆர்டினேட்டராக இருந்த ஒடியாப் பையன். கஞ்சம் மாவட்டத்துக்காரன். முதலில் சூரத்தில் தறி ஓட்டி, அப்புறம் இங்கே வந்து மூன்று வருஷத்தில் தமிழ் பிடித்தவன். அடுத்த பேட்சிலிருந்து ஒவ்வொருவரும் பனியன் துணியில் சைடு அடிப்பதை அரை நிமிஷ வீடியோவாக எடுத்து எனக்கு அனுப்பினான். “அக்கா, இந்தப் பொண்ணுக்குத் தையல் வராது. ஆனா கண்ணு ஷார்ப், செக்கிங்குக்கு எடுத்துக்கோங்க” என்று வாய்ஸ் மெசேஜ் போடுவான். தன் ஆபீஸுக்கு நஷ்டமானாலும் உள்ளதைச் சொல்வான். புதிதாக வந்தவர்களைப் பேங்குக்குக் கூட்டிப்போவான், ஊரில் இருக்கும் அப்பாவிடம் ரூமையும் கக்கூஸையும் வீடியோ காலில் காட்டுவான். மூன்று நட்சத்திரத்தில் ஒன்று முழுக்க அவனுக்கு. போன ஜூலையில் ஒரு டையிங் கம்பெனியில் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்று போய்விட்டான். அவனுக்குப் பிறகு அந்த சீட்டில் நாலாவது ஆள் வந்தாயிற்று. எனக்கு ஆள் நிற்க வழி சொல்லிக் கொடுக்கிற ஆபீஸ் அது.

காசு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு மாதம் சம்பளத்தை மொத்தமாக ஏஜென்சி கணக்கில் போட்டேன். என் முட்டாள்தனம். அவர்கள் ரயில் டிக்கெட் காசைப் பிடித்தார்கள், ‘அட்வான்ஸ்’ என்று பிடித்தார்கள், இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு என்றும் பிடித்தார்கள். வேறு மாநிலத்திலிருந்து கூட்டி வரும் காண்ட்ராக்டர்தான் போக வர டிக்கெட் தர வேண்டும் என்று அப்போது நடப்பிலிருந்த 1979-ம் வருஷச் சட்டம் சொன்னது. அது எனக்கே பிறகுதான் தெரியும். செப்டம்பரில் ஒரு பெண்ணுக்கு ராத்திரி வயிற்று வலி, குடல்வால். இஎஸ்ஐ நம்பர் எங்கே என்று கேட்டால் பதிவே செய்யவில்லை. தொழிலாளி பங்கு 0.75 சதவீதத்தை அந்தப் பெண் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள், நான் தர வேண்டிய 3.25-ஐ என்னிடம் பில்லில் வாங்கியிருக்கிறார்கள், கட்டவில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் 38,000 நான் கட்டினேன். ஏஜென்சி நாலு மாதம் இழுத்து 10,000 தந்தது. ஆடிட்டர்தான் உறைக்கிற மாதிரி சொன்னார்: “காண்ட்ராக்டர் கட்டலைன்னாலும் முதலாளி நீங்கதான்ம்மா, இஎஸ்ஐ உங்க கிட்டத்தான் கேப்பான்.” மறுநாளே எல்லோரையும் என் சம்பளப் பட்டியலில் ஏற்றினேன். ஏஜென்சிக்குக் கமிஷன் மட்டும் போகும், சம்பளம் அவரவர் பேங்க் கணக்குக்கு. யாராவது இதைப் படித்துவிட்டு ஏஜென்சி பிடிக்கப் போனால் முதல் நாளே இதைச் செய்யுங்கள்.

அப்போது அவர்கள் ஒரு யோசனை சொன்னார்கள்: “வடக்கத்திப் பசங்களுக்கு 15 நாள் சம்பளத்தைக் கையில பிடிச்சு வைங்க மேடம், ஓடமாட்டாங்க.” லோக்கல் பெண்களுக்குச் சனிக்கிழமை சனிக்கிழமை, இவர்களுக்கு மட்டும் மாதம் முடிந்து. எல்லா ஊரிலும் வழக்கம் என்றார்கள். நான் ஒரு மாதம் அப்படிச் செய்தும் பார்த்தேன், மறைக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பக்கம் கவர் வாங்குகிறவர்கள், இன்னொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள். டைலரம்மாதான் கேட்டார், “ஏங்க, அதுகளுக்கு சனிக்கிழமை பசிக்காதுங்களா?” மறு வாரம் எல்லோருக்கும் ஒரே நாள் ஆக்கினேன். பிடித்து வைத்த மாதம் மூன்று பேர் அந்தப் பணத்தையும் விட்டுவிட்டே ஓடியிருந்தார்கள்.

லோக்கல் பெண்களுக்கும் குறை உண்டு. அவர்களுக்கு ரூமும் சாப்பாடும் ஃப்ரீ, நமக்கு என்ன என்று. நியாயம்தான். வேன் காசு பிடிப்பதை நிறுத்தினேன். இந்தப் பிள்ளைகளோ தினமும் ஒன்றரை ஷிப்ட் கேட்கும். வந்ததே சம்பாதிக்க, ரூமில் உட்கார்ந்து என்ன செய்ய. ஆனால் ஆர்டர் கொடுக்கும் கம்பெனிக்கு வெளிநாட்டு ஆடிட் வரும், ஓவர்டைம் நோட்டைப் புரட்டுவார்கள். யாருக்கு எத்தனை மணி நேரம் என்பது இப்போது சுவரில் ஒட்டியிருக்கிறது, தமிழிலும் இந்தியிலும். சண்டை குறைந்தது.

சாப்பாட்டை ஏஜென்சி ‘மெஸ் அரேஞ்மென்ட்’ என்று ஒரு வரியில் முடித்துவிடும். முதல் வாரம் மெஸ்ஸிலிருந்து வந்த சாம்பாரைப் பாதிப் பேர் தொடவில்லை, புளிப்பு ஆகாது. அப்புறம் வந்த பீகார்ப் பையன்கள் கடுகெண்ணெய் கேட்டார்கள், உருளைக்கிழங்கு கேட்டார்கள். மெஸ்ஸை நிறுத்திவிட்டு இரண்டு கேஸ் அடுப்பு, அரிசி, ஆட்டா, பருப்பு வாங்கிப் போட்டேன். செலவு மெஸ்ஸைவிடக் குறைவுதான். சித்திரை வெயிலில் ஒரு நாள் ஒடிசாப் பெண்கள் ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு சாப்பிட்டதை எங்கள் செக்கிங் அக்கா பார்த்துவிட்டார். “அட, பழைய சோறு!” அவர்கள் ‘பக்கால்’ என்கிறார்கள். அன்றிலிருந்து அக்கா தினமும் ஒரு பிடி மோர் மிளகாய் கொண்டுவந்து கொடுத்து, அவர்களிடமிருந்து வதக்கிய கீரை வாங்கிப் போகிறார். இருவருக்கும் பொதுவான பாஷை ‘பீஸ்’, ‘பண்டல்’, ‘ஆல்டர்’. மூன்று வார்த்தையில் அரை மணி நேரம் பேசுகிறார்கள்.

வீடு இதைவிடப் பெரிய பாடு. ஏஜென்சி காட்டிய ரூம் பத்துக்குப் பத்து, எட்டுப் பேருக்கு. நானே தேடிப் போனால் ‘இந்திக்காரங்களுக்குத் தர்றதில்லைங்க’. குழாய்ச் சாவியை இடுப்பில் வைத்திருந்த அந்த அம்மாவின் முகம் எனக்கு மறக்கவில்லை, அதனால் கெஞ்சாமல் திரும்பி வந்துவிடுவேன். கொச்சி மெட்ரோவில் 2017-ல் திருநங்கைகளை வேலைக்கு எடுத்தபோது நாடே பாராட்டியது. கொஞ்ச நாளிலேயே சிலர் வேலையை விட்டுவிட்டார்கள், வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. அந்தச் செய்தி அப்போது புரியவில்லை, ரூம் தேடி அலைந்தபோது புரிந்தது. கடைசியில் முன்பு தையல் மிஷின்கள் ஓடிய பழைய ஷெட் ஒன்றைப் பிடித்து, தடுப்புச் சுவர் எழுப்பி, பெண்களுக்கு உள்தாழ்ப்பாளோடு நாலு ரூம், நாலு கக்கூஸ் கட்டினோம். ஒன்றே கால் லட்சம் கடன். ஏஜென்சி அந்த ஷெட்டைப் போட்டோ எடுத்துத் தன் விளம்பரத்தில் போட்டிருக்கிறது. எடுக்கச் சொன்னேன், இன்னும் எடுக்கவில்லை.

பண்டிகை. 2024 தீபாவளி அக்டோபர் 31, பீகார்க்காரர்களின் சட் பூஜை ஒரு வாரம் கழித்து. எங்களுக்குத் தீபாவளி லீவு தெரியும், சட் தெரியாது. ஏஜென்சிக்குத் தெரியும், சொல்லவில்லை. ஏழு பையன்கள் ‘பத்து நாள்’ என்று போனார்கள், மூன்று பேர் வந்தார்கள். மீதி நாலு பேருக்கு மாற்று ஆள் கேட்டால் “மூணு மாசம் தாண்டிடுச்சே மேடம், புது சர்வீஸ் சார்ஜ் ஆகும்”. அங்கேதான் எனக்கு உறைத்தது. ஆள் நின்றால் இவர்களுக்கு ஷிப்டுக்கு 20 ரூபாய். ஆள் போனால் மறுபடி 2,500. எதற்கு ஆள் நிற்க வேண்டும் என்று இவர்கள் பாடுபடுவார்கள்?

போன வருஷம் நானே இறங்கினேன். ரயில் ரிசர்வேஷன் இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது, அதனால் ஆகஸ்டிலேயே யார் யார் போகிறார்கள் என்று பட்டியல் எடுத்து, போக டிக்கெட்டோடு வர டிக்கெட்டும் போட்டுக் கொடுத்தேன். நடுவில் பீகாரில் தேர்தல், நவம்பர் 6, 11 இரண்டு நாளும் ஓட்டு. “தீதி, ஓட்டுப் போட்டுட்டு வர்றோம்” என்றார்கள், டிக்கெட்டை மாற்றினோம். எட்டுப் பேர் போய் ஏழு பேர் திரும்பினார்கள். எட்டாமவனுக்குக் கல்யாணம், பத்திரிகை அனுப்பியிருந்தான்.

பலாங்கீர்ப் பெண்களுக்கு நுவாகாய். விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள், புது நெல்லை அம்மனுக்குப் படைத்துச் சாப்பிடுகிற நாள். வீட்டில் பெரியவர்களை விழுந்து கும்பிடுவார்கள். போன வருஷம் அது ஆகஸ்ட் 28. முந்தின நாள்தான் அமெரிக்காவின் 50 சதவீத வரி அமலுக்கு வந்திருந்தது. திருப்பூர் முழுக்க எழவு வீடு மாதிரி இருந்தது, எனக்கு வரவேண்டிய கட்டிங் பாதி நின்றுபோனது. லீவு கேட்ட பெண்களிடம் எரிந்து விழப் பார்த்தேன், வேலையே இல்லாதபோது லீவு கேட்டால் என்ன என்று அப்புறம்தான் தோன்றியது. அடுப்படியில் ஏதோ அரிசிப் பலகாரம் செய்தார்கள். ஒருத்தி வந்து என் காலைத் தொட்டு “நுவாகாய் ஜுஹார், நானி” (நுவாகாய் வணக்கம், அக்கா) என்றாள். அவளுடைய அப்பா அம்மா திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளையில் இருக்கிறார்கள். ஒரே மாநிலத்தில் இருந்துகொண்டு ஆறு மாதமாகப் பார்க்கவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நாலு நாள் கொடுத்து அனுப்பினேன், ஐந்தாம் நாள் காலை எட்டரைக்கு மிஷினில் இருந்தாள்.

ஆர்டர் குறைந்த அந்த மூன்று மாதம் ஏஜென்சி சொன்னது: “இப்ப அனுப்பிடுங்க மேடம், சீசன் வந்ததும் புதுசா தர்றோம்.” அனுப்பினால் மறுபடி டிரையல், மறுபடி அலை அலையான சைடு, மறுபடி டைலரம்மாவின் மணிக்கட்டுத் தட்டு. அனுப்பவில்லை. வாரத்துக்கு நாலு நாள் வேலை, உள்நாட்டு ஆர்டர் கொஞ்சம், ரூமும் அரிசியும் எப்போதும் போல என்று ஓட்டினேன். கடன் கூடியது, வேலை குறைந்தது என்று யாரும் போகவில்லை.

போனவர்கள் ஏன் போனார்கள் என்று ஏஜென்சி ஒருதரம்கூடக் கேட்டதில்லை. நான் கடைசி நாள் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்பேன். வருகை நோட்டையும் பார்த்தபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது: போன வருஷம் வேலையை விட்ட ஒன்பது பேரில் ஆறு பேர் ஒரே சூப்பர்வைசர் லைன். அவர் நம் ஊர்க்காரர், கெட்டிக்காரர், ப்ரொடக்ஷன் கொண்டுவருவார். ஆனால் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார், ‘ஏய் இந்தி’. சந்தாலி பேசுகிற ஜார்க்கண்ட் பிள்ளைக்கும் ‘ஏய் இந்தி’. அவரை ஸ்டோருக்கு மாற்றினேன். வீட்டில் இதற்காக ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை, அவர் என் கொழுந்தனார். அந்த லைனை இப்போது பலாங்கீர்ப் பெண் ஒருத்தி பார்க்கிறாள். தமிழ்ப் பெண்கள் முதலில் முறைத்தார்கள். இப்போது லேட்டாக வந்தால் அவள் “ஏனுங்க்கா லேட்டு?” என்று கேட்கிற கேட்பில் சிரித்துவிடுகிறார்கள்.

ஆக, கணக்கு: சொன்ன நாளில் இல்லாவிட்டாலும் ஆள் கொண்டுவருகிறார்கள், ஆதார், வயசு சரிபார்ப்பு ஒழுங்கு, 18 வயசுக்குக் கீழ் யாரையும் அனுப்பியதில்லை. அதற்கு இரண்டு. ஒடியாப் பையனுக்கு ஒன்று. அவன் திரும்பி வந்தால் நாலாக்கிவிடுகிறேன்.

சீசனுக்கு ஆறு பேர் கேட்டிருக்கிறேன், வீடியோ பார்த்துத்தான். சனிக்கிழமை வண்டி. ஆட்டோவுக்கு நானே சொல்லிவிட்டேன்.